புது ஸ்டாஃப் நேரா தியேட்டருக்குப் போனா என்ன ஆகும்?

தண்டையார்பேட்டை மார்க்கெட்ல யாராவது "பொண்ணு எங்க வேலை பாக்குது"ன்னு கேட்டா எங்கம்மா "தியேட்டர்ல"ன்னுதான் சொல்லும், உடனே எதிர்ல நிக்கிறவங்க "எந்த தியேட்டர், மகாராணியா?"ன்னு கேப்பாங்க. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், ஆனா டிக்கெட் கிழிக்கிறேன்னு ரெண்டு வருஷமா நம்பிட்டு இருந்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஆனா பேர்ல தப்பு ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஆபரேஷன் பண்ற ரூம் நெஜமாவே தியேட்டர் மாதிரிதான் இருந்துது, நடுவுல ஒரு மர டேபிள், சுத்தி படிக்கட்டு படிக்கட்டா கேலரி, அதுல ஸ்டூடெண்ட்ஸ் நெருக்கிட்டு நின்னு வேடிக்கை பாப்பாங்க. லண்டன்ல 1822-ல கட்டுன ஒண்ணு இன்னிக்கும் மியூசியமா இருக்கு. கேலரி போயிடுச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

இப்ப எதுக்கு இதுன்னா, பக்கத்துத் தெரு பொண்ணு ஒருத்தி பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனும் கைல வாங்கிட்டா. ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி இண்டர்வியூல "வார்டுல ஆள் போதும், ஓ.டி.ல (ஆபரேஷன் தியேட்டர்ல) வேகன்சி இருக்கு, வர்றியா"ன்னு கேட்டிருக்காங்க. காலேஜ்ல அவ மேடம் "மொதல்ல ஒரு வருஷம் வார்டு பாரு, அப்புறம் எங்க வேணா போ"ன்னு சொல்லிருக்காங்க. அவ ரெண்டு மனசா என்கிட்ட வந்து "அக்கா, நீங்க சொல்லுங்க, போலாமா வேணாமா"ன்னா. நான் பதினோரு வருஷமா தியேட்டர்லதான் இருக்கேன், அதுவும் படிச்சு முடிச்ச கையோட போனவதான், அதனால எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. வாட்ஸாப்ல சொல்லி முடியாதுன்னுதான் இங்க நீளமா எழுதுறேன்.

"மொதல்ல வார்டு"ன்றது ஏதோ பழைய ஆளுங்க பிடிவாதம் இல்ல, அதுல நியாயம் இருக்கு. வார்டுல ஒரு வருஷம் ஓடுனா பத்துப் பன்னெண்டு பேஷண்ட்டை ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கத் தெரியும், யாரு மொகம் வெளுக்குது, யாருக்கு யூரின் போகல, யாரு மூச்சு மாறுதுன்னு பாத்தவுடனே புரியும், டிரிப் கணக்கு, மருந்து கணக்கு எல்லாம் தூக்கத்துலயும் வரும், முக்கியமா பேஷண்ட்டோட சொந்தக்காரங்க கத்தும்போது நிதானமா பேசப் பழகும். தியேட்டர்ல பேஷண்ட் பாதி நேரம் மயக்கத்துல, ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான், சொந்தக்காரங்க கதவுக்கு வெளிய. வார்டுல அட்டெண்டர் கத்துவாங்க, தியேட்டர்ல சர்ஜன் கத்துவாரு, அவ்ளோதான் வித்தியாசம்னு நாங்க ஜோக் அடிப்போம்.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, வார்டுல அஞ்சு வருஷம் இருந்த சிஸ்டர் தியேட்டருக்கு மாறி வந்தா அவங்களும் மொத நாள் ஃப்ரெஷர்தான். சதை புடிக்கிற இன்ஸ்ட்ருமெண்ட்ல பாப்காக் எது ஆலிஸ் எதுன்னு தெரியாது, கவுன் போட்டப்புறம் கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாது, இருபத்தி மூணு வயசு பொண்ணு "அக்கா தொடாதீங்க, அன்ஸ்டெரைல்"னு சொல்லும்போது மொகம் சுருங்கும். வார்டு அனுபவம் உதவும், ஆனா தியேட்டர் வேலைய அது கத்துக் குடுக்காது. அமெரிக்காவுல நர்சிங் முடிச்சவங்கள நேரா ஓ.டி.க்கு எடுக்கிறது சகஜம், அங்க தியேட்டர் நர்சுங்க சங்கமே பெரிஆப் 101-ன்னு ஒரு கோர்ஸ் வெச்சிருக்கு, கிளாஸும் கேஸும் கலந்து பல மாசம் ஒருத்தர் பக்கத்துலயே நின்னு பழக்கி விடுவாங்க. நம்மூர்லயும் ஓ.டி. நர்சிங்குக்குன்னு, நர்சிங் முடிச்சப்புறம் படிக்கிற ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கு, இந்தியன் நர்சிங் கவுன்சில் சிலபஸ்தான், ஆனா அத படிச்சவங்கள நான் ஒரு கை விரல் விட்டு எண்ணிடுவேன். நெஜத்துல வட சென்னை சின்ன ஆஸ்பத்திரிகள்ல நடக்கிறது என்னன்னா ரெண்டு வாரம் கூட நிப்பாங்க, மூணாவது வாரம் நைட் டூட்டி தனியா. புதுசா போறது பிரச்சினையே இல்ல. பக்கத்துல எத்தனை மாசம் ஆள் நிக்கும்னுதான் பாக்கணும். மீதி எல்லாம் இதுல இருந்துதான் வருது, ஏன்னு சொல்றேன்.

காலேஜ்ல தியேட்டர் போஸ்டிங் எல்லாருக்கும் உண்டு. ஆனா அங்க என்ன பண்ணோம்னு நேர்மையா யோசிச்சுப் பாருங்க. காஸ் துணி வெட்டி மடிச்சோம், ஸ்டெரைல் பண்றதுக்கு துணி அடுக்குற ட்ரம் பேக் பண்ணோம், இன்ஸ்ட்ருமெண்ட் கழுவுனோம், லாக் புக்ல கையெழுத்து வாங்க சீனியர் பின்னாடி அலைஞ்சோம், கேஸ் நடக்கும்போது செவத்துல சாஞ்சு நின்னு சர்ஜன் முதுக பாத்தோம். நான் மூணு வாரம் போஸ்டிங்ல வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கூட பாக்கல. அதனால டிகிரில தியேட்டர் போஸ்டிங் இருக்கேன்னு எந்த தைரியத்தோடவும் போகாதீங்க, மொத நாள் எல்லாருக்கும் சைபர்தான்.

தியேட்டர்ல நர்ஸுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு ஸ்க்ரப், கை கழுவி கவுன் கிளவுஸ் போட்டு டிராலி பக்கத்துல நிக்கிறது, சர்ஜன் கை நீட்டுறதுக்கு முன்னாடியே அடுத்த இன்ஸ்ட்ருமெண்ட் ரெடியா இருக்கணும். இன்னொண்ணு சர்க்குலேட்டிங், ஸ்டெரைல் இல்லாம வெளிய சுத்துற ஆளு, மருந்து எடுத்துக் குடுக்கிறது, நூல் பாக்கெட் பிரிச்சுப் போடுறது, லைட் திருப்புறது, டயத்தர்மி (கரண்ட்ல சதை வெட்டி ரத்தம் நிறுத்துற மிஷின்) பிளேட் தொடைல ஒட்டுறது, ரெக்கார்ட் எழுதுறது, பிளட் பேங்க்குக்கு போன் போடுறது. வெளிய இருந்து பாத்தா ஸ்க்ரப்தான் கெத்து, சர்க்குலேட்டிங் எடுபிடி மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோணல. அந்த ரூம்ல மொத்தத்தையும் பாக்கிற ஒரே ஆள் சர்க்குலேட்டிங் சிஸ்டர்தான், மத்த எல்லாரோட கண்ணும் ஒரு சாண் இடத்துல இருக்கும். அதனால புதுசா வர்றவங்கள "மொதல்ல சர்க்குலேட்டிங் பண்ணு, அது ஈஸி"ன்னு விடுறது எனக்குப் பிடிக்காது. என்ன நடக்குதுன்னு தெரியாத ஆள் என்ன எடுத்துக் குடுக்கும்?

மொழியே வேற அங்க. நான் சேந்த மொத வாரம் சர்ஜன் "சிஸ்டர், பி.பி."ன்னாரு. நான் ஓடிப் போய் பி.பி. ஆபரேட்டஸ் எடுத்துட்டு வந்து நின்னேன். ரூமே சிரிச்சுது, மயக்க டாக்டர் மட்டும் பாவம்னு "அது பார்ட் பார்க்கர்மா, கத்தி புடிக்கிற ஹேண்டில்"னாரு. மூணாம் நம்பர் ஹேண்டில்ல 10, 11, 15 பிளேடு மாட்டும், நாலாம் நம்பர்ல 20-ல இருந்து மேல உள்ளது மாட்டும், மாத்திப் போட்டா ஆடும். நூல்லயும் இதே கூத்துதான், சைபர் கூடக் கூட நூல் மெலிசாகும், 1-ம் நம்பர் விக்ரில் வயிறு மூடுற தடி நூல், 6-0 ப்ரோலின் கண்ணுக்கே தெரியாது. ஆர்ட்டரி, ஆலிஸ், பாப்காக், காக்கர், லாங்கன்பெக், டீவர், மேயோ சிசர், மெட்சன்பாம் சிசர்னு வெள்ளக்காரன் பேரா இருக்கும். மேயோ நூல் வெட்டவும் கெட்டியான சதை வெட்டவும், மெட்சன்பாம் மெல்லிசான டிஷ்யூவுக்கு மட்டும், அதால நூல் வெட்டுனா சர்ஜன் பாக்கிற பார்வையிலயே ஒரு வாரம் சோறு எறங்காது. இதெல்லாம் மனப்பாடம் பண்றது கஷ்டமே இல்ல, போன்ல போட்டோ எடுத்து வெச்சு ஒரு மாசத்துல முடிச்சிடலாம். கஷ்டம் வேற எடத்துல.

கேஸோட வரிசை மண்டைல ஏறுறதுதான் கஷ்டம். சிசேரியன்னா தோல், கொழுப்பு, ஷீத், மசில், பெரிட்டோனியம், யூட்ரஸ் (கர்ப்பப்பை), தண்ணி ஒடையும், சக்ஷன், கொழந்த, கார்டு கிளாம்ப், பிளாசெண்டா (நஞ்சு), அப்புறம் கிரீன் ஆர்மிட்டேஜ் கிளாம்ப் வெச்சு யூட்ரஸ் ஓரம் புடிச்சு தையல். இது பாட்டு மாதிரி உள்ள ஓடணும், அப்பதான் கை தானா போகும். அதுக்கு ஒரே ஆபரேஷன திரும்பத் திரும்பப் பாக்கணும். ராயபுரத்துல ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி பிரசவ ஆஸ்பத்திரில போஸ்டிங் கெடச்சவங்களுக்கு சிசேரியன் கை சீக்கிரம் வரும், காரணம் அறிவு இல்ல, எண்ணிக்கை. ஸ்டான்லி, அதாவது எங்க பாட்டி வாயில கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி, அங்க கை அறுவை சிகிச்சைக்குன்னே தனி நிலையம் இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளத்த டிபார்ட்மெண்ட். இந்த ஏரியாவுல அப்படி ஒண்ணு இருக்கிறது எவ்ளோ பொருத்தம்னு யோசிங்க, காசிமேட்டுல வின்ச்ல கயிறு சுத்தி விரல் போனவரு, பட்டறைல பிரஸ் மிஷின்ல கை விட்டவரு, எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஏறுனவருன்னு கைதான் மொதல்ல அடிபடுது இங்க. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில 1975-லயே டாக்டர் கே.எம். செரியன் நாட்டோட மொத பைபாஸ் ஆபரேஷன் பண்ணாரு. வட சென்னைன்னா ஏதோ ஒண்ணுமே இல்லாத எடம்னு நெனைக்கிறவங்களுக்கு இத சொல்லி வெக்கிறேன், சம்பந்தம் இருக்கோ இல்லையோ.

ஸ்டெரைல் விஷயம். கவுன் போட்டப்புறம் உங்க ஒடம்புல முன்பக்கம், நெஞ்சுல இருந்து கீழ டேபிள் மட்டம் வரைக்கும், கை முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரைக்கும், அவ்ளோதான் ஸ்டெரைல். முதுகு இல்ல, அக்குள் இல்ல, டிராலில கூட மேல்தட்டு மட்டும்தான், ஓரத்துல தொங்குற துணி கணக்குல இல்ல. கோயில்ல கும்புடுற மாதிரி கைய நெஞ்சுக்கு முன்னாடி வெச்சுட்டு நிக்கப் பழகணும், மூக்கு அரிச்சா அரிக்கட்டும். புதுசுல ரெண்டு பேரு எதிரெதிர்ல வந்தா எப்படி ஒதுங்குறதுன்றதே ஒரு பாடம், ஸ்டெரைல் ஆளுங்க முதுகுக்கு முதுகு, இல்லன்னா நேருக்கு நேர் காட்டிதான் கடக்கணும். ட்ரம் மேல ஒட்டுற ஆட்டோகிளேவ் டேப்ல கோடு கருப்பாச்சுன்னா ஸ்டெரைல் ஆயிடுச்சுன்னு பாதி பேர் நெனைக்கிறாங்க. அது சூட்டுக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். 121 டிகிரில கால் மணி நேரமாவது ஆவி உள்ள வரைக்கும் ஏறுச்சான்னு பாக்க உள்ள வெக்கிற இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் வேணும், ட்ரம்ம திணிச்சு அடைச்சிருந்தா நடுவுல ஆவி போகவே போகாது. இத எனக்கு சொல்லிக் குடுத்தது டாக்டர் இல்ல, ஆட்டோகிளேவ் ரூம்ல இருபது வருஷமா இருந்த ஒரு அண்ணன், ஆயுத பூஜைக்கு அந்த மிஷினுக்கு பொட்டு வெச்சு பூ போட்டு "இதுதான்மா இந்த ஆஸ்பத்திரிக்கு சாமி"ன்னு சொல்லுவாரு.

இந்த கிளவுஸ் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 1889 குளிர்காலம், அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி, சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட். அவரு தியேட்டர்ல தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். அப்ப கிருமி சாக கைய பாதரச கரைசல்ல முக்கணும், அதுல அந்தம்மா கை ரெண்டும் வெந்து புண்ணாச்சு, வேலையவே விட்டுடலாம்னு நெலமை. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிகிட்ட மெல்லிசா கிளவுஸ் செஞ்சு வாங்கிக் குடுத்தாரு. அடுத்த வருஷம் அந்தம்மாவையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு, அது வேற கதை. பேஷண்ட்டுக்கு இன்ஃபெக்ஷன் வராம இருக்க கிளவுஸ்ன்றதெல்லாம் அப்புறம்தான் புரிஞ்சுது, மொதல்ல அது வந்தது ஒரு ஸ்க்ரப் நர்ஸோட கை வெந்ததாலதான். ஒவ்வொரு தடவை ஆறரை சைஸ் கிளவுஸ் தீந்துபோச்சு ஏழரை போட்டுக்கோன்னு சொல்லும்போதும் எனக்கு அந்தம்மா ஞாபகம் வரும்.

இப்ப கவுண்ட். தியேட்டர்ல புது ஸ்டாஃப் கத்துக்க வேண்டிய வேலைல பாதி இதுதான்னு நான் சொல்லுவேன். மாப் (ரத்தம் ஒத்துற பெரிய துணி), காஸ், ஊசி, இன்ஸ்ட்ருமெண்ட் எல்லாத்தையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரப்பும் சர்க்குலேட்டிங்கும் சேந்து வாய் விட்டு எண்ணி போர்டுல எழுதணும், நடுவுல எது குடுத்தாலும் கூட்டணும், யூட்ரஸ் மாதிரி உள்ளுக்குள்ள ஒரு அறைய மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வயிறு மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தோல் தைக்கும்போது ஒரு தடவை. கேக்க ஒண்ணாங்கிளாஸ் கணக்கு மாதிரி இருக்கும்.

ஒரு நைட், ஆஸ்பத்திரி பேர் வேணாம், எமர்ஜென்ஸி சிசேரியன், பிளீடிங் ஜாஸ்தி, நான் சர்க்குலேட்டிங், ஸ்க்ரப்ல சேந்து நாலு மாசம் ஆன பொண்ணு. கொழந்த அழுதுடுச்சு, எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு, சர்ஜன் யூட்ரஸ் தைக்க நூல் கேக்குறாரு. இந்தப் பொண்ணு நீடில் ஹோல்டர்ல நூல் மாட்டி கைல வெச்சுக்கிட்டு குடுக்காம நிக்குது. "என்னம்மா"ன்னாரு. "சார், மாப் ஒம்பதுதான் சார் இருக்கு." பத்து எழுதிருக்கு போர்டுல. "நல்லா எண்ணு." எண்ணுச்சு. ஒம்பது. "அப்ப மொதல்லயே ஒம்பதுதான் வந்திருக்கும், பண்டில்ல கம்மியா இருக்கும், குடு." எனக்குத் தெரியும், அந்த எடத்துல குடுத்துட்டாதான் எல்லாருக்கும் நிம்மதி, மணி மூணு, ரத்தம் போயிட்டு இருக்கு, அவருக்கும் நியாயமான அவசரம். அந்தப் பொண்ணு குரல் நடுங்குது, ஆனா "பத்து எண்ணிதான் சார் வாங்குனேன், அக்காவும் எண்ணுனாங்க"ன்னு சொல்லுச்சு, கை மட்டும் நீட்டல. ரத்தம் நிக்க ஓரத்துல கிளாம்ப் போட்டுட்டு அவரு உள்ள கை விட்டுத் தேடுறாரு, நான் கீழ கிக் பக்கெட், துணி மடிப்பு, டேபிள் அடியில, ஆயாம்மா செருப்புக்கு அடியில கூட பாத்துட்டேன். கடைசில எங்க இருந்துச்சு தெரியுமா, பிளாசெண்டா வெச்ச பேசின்ல. ஜவ்வுக்குள்ள சுருட்டிக்கிட்டு ரத்தத்துல அதே கலர்ல கெடந்துச்சு. மொத்தம் நாலு நிமிஷம் ஆயிருக்கும். சர்ஜன் ஒண்ணும் சொல்லல, "நூல்"னாரு, அவ குடுத்தா. கேஸ் முடிஞ்சு போகும்போது மட்டும் அவகிட்ட "பேர் என்னம்மா"ன்னு கேட்டாரு, நாலு மாசத்துல அப்பதான்.

அவளுக்கு வாய் தெறந்தது தைரியசாலின்றதால இல்ல. நாலு மாசமும் யாரோ ஒருத்தர் அவ கூட நின்னு எண்ணிருக்காங்க, அதனால தன் பத்து மேல அவளுக்கு சந்தேகம் இல்ல. மூணாவது வாரத்துலயே தனியா விட்ட பொண்ணா இருந்தா "நான்தான் தப்பா எண்ணிட்டேனோ"ன்னு நூலைக் குடுத்திருக்கும், நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்.

இதுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-ல ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, பத்தொம்போது பாயிண்ட், மூணு கட்டம், மயக்கம் குடுக்கிறதுக்கு முன்னாடி சைன் இன், கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி டைம் அவுட், தியேட்டரை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி சைன் அவுட். எட்டு ஊர்ல எட்டு ஆஸ்பத்திரில போட்டுப் பாத்தாங்க, டெல்லியும் அதுல ஒண்ணு, 2009-ல ரிசல்ட் வந்துச்சு, சாவு நூத்துக்கு 1.5-ல இருந்து 0.8 ஆச்சு, காம்ப்ளிகேஷன் 11-ல இருந்து 7 ஆச்சு. ஒரு பேப்பர் ஷீட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனா நம்ம பக்கம் பல எடத்துல இந்த ஷீட்ட கேஸ் முடிஞ்சப்புறம் டீ குடிச்சுக்கிட்டே மொத்தமா டிக் அடிக்கிறாங்க, யாரு அடிக்கிறது, புது ஸ்டாஃப்தான். நீங்க போற எடத்துல டைம் அவுட் வாய் விட்டு சொல்றாங்களா, இல்ல பேனால முடிக்கிறாங்களான்னு மொத நாளே தெரிஞ்சிடும், அந்த எடத்தப் பத்தி அதுக்கு மேல ஒண்ணும் தெரிஞ்சுக்க வேணாம்.

மயக்க டாக்டர் பக்கம் யாரும் புதுசுங்களுக்கு சொல்லிக் குடுக்கிறதே இல்ல. சின்ன நர்சிங் ஹோம்ல அனஸ்தெடிஸ்ட் அங்கயே இருக்க மாட்டாரு, போன் போட்டா பைக்ல வருவாரு, அவருக்கு கைக்கு ஆளு நீங்கதான். தசைய தளர்த்துற மருந்து ஸ்கோலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கா, சக்ஷன் ஓடுதா, தொண்டைக்குள்ள பாக்கிற லாரிங்கோஸ்கோப் லைட் எரியுதா, எல்லாம் பேஷண்ட்ட டேபிள்ல ஏத்துறதுக்கு முன்னாடி. ஆம்பியூல் எடுத்துக் குடுக்கும்போது பேரை சத்தமா படிச்சுக் காட்டணும், அவரும் படிக்கணும். ஸ்பைனலுக்கு, அதாவது இடுப்புக்குக் கீழ மரத்துப் போக முதுகுல போடுற பியூபிவகெய்ன் ஆம்பியூலும் ரத்தம் நிக்கப் போடுற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பியூலும் சில கம்பெனில பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி முதுகுல போட்டு வலிப்பு வந்து உயிர் போன கேஸ் ஒலகம் பூரா நடந்திருக்கு, 2022-ல உலக சுகாதார நிறுவனம் இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. ரெண்டையும் ஒரே டிரேல வெக்காதீங்க. யாராவது வெச்சிருந்தா எடுத்து வேற அலமாரில வைங்க, பர்மிஷன் எல்லாம் கேக்க வேணாம்.

ஒடம்பு விஷயம் சுருக்கமா. காலைல சாப்பிடாம ஸ்க்ரப் ஆகாதீங்க, மொத வாரம் மயக்கம் போட்டு விழுறவங்க முக்காவாசி வெறும் வயித்துக்காரங்கதான், ரெண்டு இட்லியாவது உள்ள போகணும். முட்டிய இறுக்கி நிக்காதீங்க. தலை சுத்துனா சொல்லிட்டு பின்னாடி நகந்து செவத்துல சாஞ்சு ஒக்காந்துடுங்க, டேபிள் மேல விழாதீங்க. டயத்தர்மி புகை, முடி பொசுங்குற வாசனை, ஒரு மாசத்துல பழகிடும். சேர்றதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணும் போட்டாச்சான்னு பாருங்க, 0, 1, 6 மாசம். ஊசி குத்திடுச்சுன்னா பயந்து மறைக்காதீங்க, சோப்புத் தண்ணில கழுவிட்டு உடனே சொல்லணும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல, 28 நாள் சாப்பிடணும். "புது ஸ்டாஃப் குத்திக்கிச்சு"ன்னு பேச்சு வருமேன்னு ரெண்டு நாள் சொல்லாம இருந்த ஒருத்திய எனக்குத் தெரியும், அவ நல்லாதான் இருக்கா, ஆனா அந்த ஆறு மாசம் அவ தூங்கல.

இனிமே காசும் எதிர்காலமும். தியேட்டர்லயே இருந்தா வார்டு கை போயிடும், இது உண்மை, மறைக்க மாட்டேன். கல்ஃப்ல ஓ.டி. நர்ஸுக்கு நல்ல டிமாண்ட், ஆனா ரெண்டு வருஷமாவது எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க, அதுவும் ஸ்க்ரப் பண்ண கேஸ் என்னென்னன்னு இண்டர்வியூல தோண்டுவாங்க. நம்மூர் பிரைவேட்ல பல எடத்துல ஸ்க்ரப் பூரா ஓ.டி. டெக்னீஷியன் பண்ணிடுவாங்க, நர்ஸ் ரெக்கார்ட் எழுதிட்டே ரெண்டு வருஷம் ஓட்டிடும், அப்புறம் சவுதி இண்டர்வியூல திருதிருன்னு முழிக்கும். யூ.கே. போறவங்களுக்கு வேற தலைவலி, அங்க ஓஸ்கின்னு பிராக்டிகல் டெஸ்ட், பேஷண்ட்ட அசெஸ் பண்றது, கேர் பிளான், மருந்து குடுக்கிறதுன்னு முழுக்க வார்டு வேலை, தியேட்டர் ஆளுங்க மறுபடி ஒண்ணுல இருந்து படிக்கணும். கவர்மெண்டுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எக்ஸாம் எழுதிப் போனா எங்க போஸ்டிங் போடுவாங்கன்னு உங்க கைல இல்ல, தியேட்டர் ஆசை இருந்தாலும் பிரசவ வார்டு வரலாம். அதனால தியேட்டர்ல இருக்கும்போதே ரெக்கவரி ரூம் டூட்டி கேட்டு வாங்குங்க, மயக்கம் தெளியுற பேஷண்ட்ட பாத்தா கண்ணும் கையும் துருப்பிடிக்காது. பண்ண கேஸ் எல்லாத்தையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க, பேஷண்ட் பேர் வேணாம், ஆபரேஷன் பேரும் நீங்க ஸ்க்ரப்பா சர்க்குலேட்டிங்கான்னும் போதும்.

சம்பளம் பத்தி என்ன சொல்ல. 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 200 பெட்டுக்கு மேல இருக்கிற பிரைவேட்ல கவர்மெண்ட் நர்ஸுக்கு சமமா குடுக்கணும், 50 பெட்டுக்குக் கீழ இருந்தாலும் மாசம் 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு சிபாரிசு பண்ணுச்சு. சிபாரிசுதான். இந்த ஏரியாவுல புது ஸ்டாஃபா சேந்த எத்தனை பேருக்கு அந்த 20,000 கைல வந்துச்சுன்னு உங்க கூடப் படிச்சவங்கள கேட்டாலே தெரியும். ஓ.டி.ன்னா கேஸுக்கு இவ்ளோன்னு இன்சென்டிவ் தர்றோம்னு சொல்லுவாங்க, எழுதி வாங்குங்க. ஆன்-கால்னா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடுவாங்க, அந்நேரத்துக்கு திருவொற்றியூர்ல இருந்து மெட்ரோவும் கெடையாது பஸ்ஸையும் நம்ப முடியாது, வண்டி அவங்க அனுப்புறாங்களா, ஆட்டோ காசு யாரு தர்றதுன்னு கேளுங்க, கேக்க வெக்கமே படாதீங்க.

அந்தப் பொண்ணுகிட்ட இண்டர்வியூல போய் மூணு விஷயம் மட்டும் கேளுன்னு சொல்லி அனுப்புனேன். தனியா நைட் எத்தனையாவது மாசத்துல போடுவீங்க, அதுவரைக்கும் என் கூட நிக்கிற ஆள் யாரு, ஸ்க்ரப் நான் பண்ணுவேனா டெக்னீஷியன் பண்ணுவாரா. நேத்து சாயந்தரம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா, பின்னாடி டோல்கேட் பஸ் ஹாரன் கேக்குது. "அக்கா, கேட்டேன்க்கா. ஓ.டி. இன்சார்ஜ் சிஸ்டரே வந்து பேசுனாங்க, நாலு மாசம் நைட் கெடையாதாம், சிசேரியனும் ஹெர்னியாவும் மொதல்ல ஸ்க்ரப் குடுப்பாங்களாம். ஆனா ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் குடுக்கணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க, ஒரு வருஷம் பாண்டாம்." நாலு மாசம் சரி, சேரு, ஒரிஜினல வெரிஃபிகேஷனுக்குக் காட்டிட்டு அங்கயே கைல வாங்கிடு, ஜெராக்ஸ் மட்டும் குடு, பாண்ட் பேப்பர் கையெழுத்துப் போடாம போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லிருக்கேன். இன்னும் அனுப்பல.